லேசா இருந்தா மட்டும் போதுமா? கதவு வளையங்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

டிசம்பர் பிறந்தால் யூடியூபில் 'ரீத்' செய்முறை வீடியோக்கள் வரிசை கட்டி வரும். கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் மாட்டும் அலங்கார வளையம்தான் ரீத். மலர்வளையம் என்று சொன்னால் நமக்குச் சாவு வீடுதான் ஞாபகம் வரும். அதனால் இங்கே 'கதவு வளையம்' என்றே எழுதுகிறேன்.

இந்த வீடியோக்களில் திரும்பத் திரும்ப வரும் பாராட்டு, "ரொம்ப லேசா இருக்கு பாருங்க" என்பது. நியாயமானதுதான். ஆணி அடிக்க விடாத வாடகை வீட்டில், ஒரு துண்டு டேப்பில் தொங்க வேண்டிய பொருள் கனமாக இருக்கக் கூடாது. என் குறை, அந்த லேசு எதிலிருந்து வருகிறது என்பதில்.

நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தெர்மாகோல் வளையம். அதில் சுமார் 98 சதவீதம் காற்று, அதனால்தான் லேசு. பழைய பேப்பர்க்காரர் அதைத் தொடாததற்கும் அதே காரணம்தான்: வண்டி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது. உடைந்தால் மணி மணியாக உதிர்ந்து பறக்கும், மழைத் தண்ணீரோடு மிதந்து போகும். நான் இருக்கும் மேனாம்பேட்டுக்கு அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ரொம்பத் தூரமில்லை. கையில் லேசாக இருப்பது ஏரிக்குச் சுமையாகிவிடுகிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. வீடியோக்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கைவேலையாகப் பார்த்தாலும் அதில் சிக்கல் உண்டு. சாதாரண ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழி போட்டுவிடும். கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

லேசான அலங்காரம் நமக்கு ஒன்றும் புதுசில்லை. நெட்டி இருக்கிறதே! குளம், ஏரிகளில் வளரும் செடி. தண்டுக்குள் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருக்கும். காயவைத்து, மேல்தோலைச் சீவி, துண்டு போட்டு, சாயம் ஏற்றி, கோத்தால் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை தயார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இதையே தொழிலாகச் செய்கிற குடும்பங்கள் உண்டு. தஞ்சாவூரில் இதே நெட்டியில் கோயில் மாதிரிகள் செய்கிறார்கள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் மாப்பிள்ளை தலையில் வைக்கும் டோப்பரும், வெள்ளைக்காரன் வெயிலுக்குப் போட்ட சோலா தொப்பியும் இதே வகைச் செடியின் தண்டுதான். லேசில் தெர்மாகோலோடு போட்டி போடும். வேலை முடிந்தால் மக்கி மண்ணாகும்.

சென்னையில் நெட்டிக்கு அலைய வேண்டும், உண்மைதான். ஆனால் பழைய செய்தித்தாள் எல்லார் வீட்டிலும் இருக்கும். விரித்த தாள் ஒன்று 20 கிராம்கூட வராது. ஆறு தாளைச் சுருட்டி, முறுக்கி, வட்டமாக வளைத்துச் சணல் நூலால் இறுக்கிக் கட்டினால் 120 கிராமுக்குள் வளையம் முடிந்தது. அதன்மேல் காய்ந்த பனையோலைப் பூவோ துணிப் பூவோ வைத்துத் தைக்கலாம். பசைத் துப்பாக்கியே வேண்டாம். சில வீடியோக்கள் இந்தப் பேப்பர் வளையத்தை அழகாகச் சொல்லித்தருகின்றன, ஆனால் 'செலவில்லாத வழி' என்று அதை இரண்டாம் இடத்தில் வைக்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் முதலிடம்.

எடையோடு இன்னொரு விஷயத்தையும் சொல்லிக்கொடுங்கள்: ஜனவரியில் கழற்றிய பிறகு அந்த வளையம் எங்கே போகும்? வீடியோவில் கடைசி ஒரு நிமிஷம் அதற்குப் போதும்.