மாமிக்கு இரங்கும் மருமகன்

தமிழ்ப் புறத்திணை மரபு இறந்தோர்க்கு இரங்கும் துறைகளை நுணுகி வகுத்தது. மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபதநிலை என்றும் தொல்காப்பியம் பெயரிட்டது. ஆயின், மணத்தால் வாய்த்த மூத்த உறவுக்கு இரங்குதற்குத் தனிப்பெயர் இல்லை. அது கையறுநிலை என்னும் பொதுத்துறையுள் அடங்கிவிடுகிறது.

இப்பொதுமையுள் மறைந்து கிடந்த துயரைக் கம்பன் கண்டான். தசரதன் மறைந்த செய்தியைச் சீதை சித்திரகூடத்திற் கேட்கிறாள். கணவன்பின் நடந்தமையாற் காட்டையும் நகராகவே கொண்டவள், மாமன் இறந்தான் என்ற சொல்லாலேயே துயரத்தை முதன்முதல் அறிகிறாள். வனவாசம் தராத துயரை அவ்வொரு சொல் தந்தது என்பதே கம்பன் காட்டும் அளவுகோல்.

கம்பன் பாடியது மருமகளின் துயர். இலங்கையின் அம்பாறைக் கரையோரத்துப் பாலமுனை போன்ற முஸ்லிம் ஊர்களில் இவ்வுறவு திசைமாறி நிற்கிறது. ஈண்டு மணமகனே மனைவியின் வீட்டிற்கு வருகிறான். மாமியார் மருமகள் பூசலைப் பேசும் பழமொழிகள் இங்குப் பெரிதும் பொருந்துவதில்லை. பெற்றோர் தம் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துத் தாம் அருகே ஒதுங்கி வாழ்தல் இப்பகுதியின் வழக்கு. குடி தாய்வழியே செல்வதால் மருமகனின் பிள்ளைகள் மாமியின் குடியினர். அவனோ வேறு குடியினன்.

மார்க்கச் சட்டத்திலும் இவ்விருமை உண்டு. மருமகன் என்ற முறையில் மாமியின் சொத்தில் அவனுக்கு வாரிசுப் பங்கில்லை. எனினும், திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 23ஆம் வசனம் மணக்க விலக்கப்பட்டோர் வரிசையில் தாயோடு மனைவியின் தாயையும் வைக்கிறது. மனைவி இறந்தாலும் அவ்விலக்கு நீங்காது. பங்கில்லாத, ஆனால் அறுபடாத உறவு இது. கணவனை இழந்தவளுக்கு இத்தாக் காலம் நான்கு மாதம் பத்து நாள். ஏனைய உறவினர்க்குத் துக்கம் காத்தலை நபிமொழி மூன்று நாளுக்குள் அடக்குகிறது. ஓலமிட்டழுதல் விலக்கப்பட்டது, கண்ணீர் விலக்கப்படவில்லை.

ஆகவே, இத்துயரைப் பாடும் கவிஞனுக்கு ஒப்பாரியின் உரத்த குரல் உதவாது. மாமியைப் பாடும் இரங்கற்பா, 'பெற்ற தாய் போன்றவள்' என்ற ஒற்றை உவமையோடு அமைதி கொள்ளுமாயின் அது பொருளைத் தவறவிடுகிறது. தாய் தான் பெற்றவனை வளர்க்கிறாள்; மாமியோ பிறர் பெற்றவனுக்குத் தன் வீட்டின் தலைவாசலை விட்டுக்கொடுத்து, பின்வளவின் சிற்றறைக்கு இடம்பெயர்கிறாள். முன்னது இயற்கை, பின்னது ஈகை. இவ்வேறுபாட்டை உணர்ந்து பாடும் கவிதையே நிலைக்கும்.

மூன்று நாள் கழிந்தபின்னும் அவன் உறங்குவது அவள் கொடுத்த கூரையின் கீழேதான். அக்கடனைச் சொல்லும் சொல்லே இரங்கற்பா. ஏனையவை வெறும் புகழுரை.