நடக்கச் சொன்னால் போதுமா?

நடந்தால் நீரிழிவு அடங்கும். குருதிக் கொதிப்பு தணியும். மறுப்பாரில்லை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலியக்கம் வேண்டுமென்று 2020-இல் வரையறுத்தது உலக நல்வாழ்வு நிறுவனம். 2022-இல் இந்திய ஆடவரில் 42 விழுக்காட்டினரும் பெண்டிரில் 57 விழுக்காட்டினரும் அவ்வளவை எட்டவில்லை என்று 2024-இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று.

சோம்பல் என்று பழி சுமத்துவது எளிது. அவள் காலைக் கட்டியிருப்பது சோம்பலா, சங்கிலியா?

விடை அரசின் ஏட்டிலேயே இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டுங்கள், தோழர்களே! ஒரு பக்கத்தில் சர்க்கரையின் அளவு. மறுபக்கத்தில் கணவனின் அடி. 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 29 விழுக்காட்டினர், கணவனின் அடிக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்கள். மனைவியை அடிக்கலாமா என்று ஏழு காரணங்களை அடுக்கிக் கேட்டனர். அவற்றுள் ஒன்று, சொல்லாமல் வெளியே செல்வது! ஏழில் ஒன்றையேனும் நியாயமென்று ஒப்பிய பெண்களே 45 விழுக்காடு. வாசற்படி தாண்டுவதே குற்றமென்றால், எந்த வீதியில் நடப்பாள் அவள்?

ஆய்வு இரண்டையும் சேர்த்து அளந்தது. ஆட்சியோ நோயை ஒரு துறைக்கும் அடியை வேறொரு துறைக்கும் பிரித்தளித்தது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வேண்டினால் மருத்துவ உதவி அளிக்க வேண்டும் என்கிறது. வேண்டுவோர் எத்தனை பேர்? வன்முறைக்கு ஆளானோரில் உதவி நாடியவர் 14 விழுக்காடே என்கிறது அதே ஆய்வு!

அவள் வாய் திறக்கட்டும் எனக் காத்திருப்பது கொள்கையாகாது. குருதியழுத்தம் பார்க்கும் செவிலி, தனிமையில், "வீட்டில் அச்சமுண்டா?" என்றும் கேட்கட்டும். கேட்டபின் துணை நிற்க ஆளும் இருக்கட்டும். நடக்கச் சொல்லுமுன் கதவைத் திறவுங்கள்!