கன் காட்டிய 30, ஆடு குடித்த 22

இந்த மார்கழியில் என் பட்டியில் மூன்று தலச்சேரி ஆடுகள் ஈன்றன. அதை ஒட்டி ஆறு வாரம், ஆட்டின் வாயில் மருந்து புகட்டும் டிரெஞ்சிங் கன் என் கையிலேயே கிடந்தது. 30 மில்லி சிலிண்டர், அளவு மாற்றும் திருகு, வளைந்த உலோக மூக்கு. மருந்துக் கடையில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

மூக்கைச் செய்தவருக்கு ஆடு தெரியும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில் நுழைத்தால் நாக்கின் மேல் அலுங்காமல் படிகிறது. முனை உருண்டை, ஈறு கிழிவதில்லை. மூங்கில் குழாயிலேயே புகட்டிப் பழகிய பெரியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "தலையை மேல தூக்காத தம்பி, தாடையை நேராப் புடி, புரையேறிடும்." நுரையீரலில் இறங்கினால் மருந்தே ஆளை முடித்துவிடும். இந்தக் கன்னில் ஒரு தடவைகூட ஆடு இருமவில்லை.

குறை அளவில்தான். நான் வாங்கியது குடற்புழு மருந்துக்காக அல்ல, புரொப்பிலீன் கிளைக்காலுக்காக.

இரண்டு மூன்று குட்டி சுமக்கிற ஆட்டுக்குச் சினையின் கடைசி ஆறு வாரம் கண்டம். குட்டிகளின் எடை பெரும்பாலும் அப்போதுதான் ஏறுகிறது. கருப்பை இரைப்பையை நெருக்குவதால் தீனியோ குறைகிறது. பற்றாக்குறைக்கு ஆடு தன் கொழுப்பையே கரைக்கும், ஈரல் திணறும், ரத்தத்தில் கீட்டோன் சேரும். மக்காச்சோளத்தை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இரண்டாவது ஆட்டுக்கு நான் தாமதித்துவிட்டேன். அகத்தியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, மூலையில் ஒதுங்கி நின்றது, மூச்சில் ஒரு இனிப்பு வாடை. வெல்லக் கரைசல் கொடுத்தால் இரைப்பையிலேயே புளித்துப்போகும். கிளைக்காலில் பெரும்பங்கு ஈரல்வரை போய்க் குளுக்கோஸாகிறது. காலை 60, மாலை 60 மில்லி, மூன்று நாள் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாளும் ஆடு தேறவில்லை. "புகட்டறதை அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். இருமல் மருந்து மூடியில் பீய்ச்சி அளந்தேன். திருகு 30 என்றது, மூடியில் 22. இரண்டு அழுத்தலுக்கு 44. வயிற்றில் மூன்று குட்டியோடு நின்ற ஆட்டுக்கு மூன்று நாளும் அரைகுறையாகத்தான் போயிருக்கிறது.

கிளைக்கால் கொழகொழவென்றது, மார்கழிக் குளிரில் இன்னும் கெட்டி. ஸ்பிரிங் கைப்பிடியைத் தள்ளும் வேகத்துக்கு அது குழாயில் ஏறுவதில்லை. மீதி இடத்தில் காற்று. கண்ணால் பார்த்துக்கொள்ளலாமென்றால் அளவுக் கோடுகள் இருக்கும் பக்கத்தையே சட்டம் மறைக்கிறது. பாட்டிலை வெந்நீரில் வைத்து, மூக்கை மேலே பிடித்துக் குமிழை வெளியேற்றி, கைப்பிடியை மெல்ல விட்டால் 29 வருகிறது. முழங்காலுக்கு நடுவே திமிறும் ஆட்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் செய்வது? மூன்றாம் வாரம் வாஷரும் இறுகியது. தனி வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. இதே கம்பெனியின் காம்பு நனைக்கும் குவளை என்னிடம் எட்டு வருடமாக உழைக்கிறது, அதனால்தான் ஆற்றாமை அதிகம்.

ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சுக்கு மாறினேன். மூன்று தடவை புகட்ட வேண்டும், ஆனால் உள்ளே போவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆடு மறுநாள் சாயங்காலம் அகத்தியைக் கடித்தது. மூன்று குட்டியும் பிழைத்தன.

கன் இப்போது புழு மருந்துக்கு மட்டும். அடுத்த சினை ஆடு கறுப்பிக்கு இன்று 138ஆம் நாள். அவளுக்காகச் சிரிஞ்சைக் கழுவிக் கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கிறேன்.