கொல்லைப்புறமும் பின்சீட்டும்

சென்ற மாதம் கோடம்பாக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி அறைக்குப் போயிருந்தேன். பத்துக்குப் பத்து. சுவரில் பழைய மெத்தையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஃபேன் ஓடவில்லை. 'மைக்ல சத்தம் வரும் சார்' என்றார் அந்த இளைஞர். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ராக் பாடல்கள் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு நாலு பாட்டு போட்டுக் காட்டினார். நடுவில் கீழ்வீட்டு குக்கர் மூன்று விசில் அடித்தது. கிடார், பேஸ், கீபோர்டு, பாட்டெழுதியது, பாடியது, மிக்ஸிங் எல்லாம் அவரே. 'டிரம்ஸ் யாரு?' என்றேன்.

'கம்ப்யூட்டர் சார்.'

பாடல்கள் மோசமில்லை. இரண்டாவதில் நல்ல மெட்டுகூட இருந்தது. ஆனாலும் ஏதோ இடித்தது. என்னவென்று அப்போது சொல்ல வரவில்லை. வியர்வையில் எனக்கு விமர்சனம் ஓடாது. வீட்டுக்கு வந்து, ஒரே ஆள் இரண்டு முறை பதிவு செய்த ஒரு ஆல்பத்தைத் திரும்பக் கேட்டபோது புரிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அந்த ஆள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துப் பையன் வில் டொலீடோ. 2010-ல் லாப்டாப்பை வைத்துக்கொண்டு தன்னந்தனியாகப் பாடல்கள் பதிவு செய்ய ஆரம்பித்தார். வீட்டில் உரக்கப் பாடினால் எல்லோருக்கும் கேட்கும். அதனால் குடும்பக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். எதிரே தெரிந்தது முன்சீட்டின் தலைசாய்ப்பான். பெயர் கிடைத்துவிட்டது: 'கார் சீட் ஹெட்ரெஸ்ட்'. கேட்டால் ராக் குழு போல இருக்கும். உள்ளே இருந்தது ஒரே ஒருத்தர். ஆல்பங்களை அவரே இணையத்தில் வெளியிட்டார். 2014-ல் சியாட்டில் பக்கம் குடிபோன பிறகுதான் டிரம்ஸுக்கு ஆண்ட்ரூ கட்ஸ் போன்றவர்கள் வந்து சேர்ந்து பெயர் நிஜமாயிற்று. 2015-ல் மாட்டடோர் என்ற சுயேச்சை கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது.

பத்தொன்பது வயதில், 2011-ல் அவர் தனியாகப் பண்ணிய ஆல்பம் 'ட்வின் ஃபேன்டஸி'. ஒரு காதலின் வேதனை. 2018-ல் அதே ஆல்பத்தை, அதே பாடல்களை, குழுவுடன் முதலிலிருந்து மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். இரண்டும் இன்று கிடைக்கின்றன. முதலாவதற்கு 'கண்ணாடிக்குக் கண்ணாடி' என்ற அர்த்தத்திலும், இரண்டாவதற்கு 'நேருக்கு நேர்' என்ற அர்த்தத்திலும் (வஸந்த் படம் அல்ல) துணைப் பெயர் வைத்தார். நான் எழுத வேண்டிய விமர்சனத்தை அவரே அட்டையில் எழுதிவிட்டார்.

பழையதில் டிரம்ஸ் பிஸ்கட் டின்னைத் தட்டியது போல் இருக்கிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஆனால் அடுத்த அறையில் ஒருத்தன் அழுவதைச் சுவரில் காது வைத்துக் கேட்கிற உணர்வு. புதியதில் ஒவ்வொரு வாத்தியமும் தெளிவு. பன்னிரண்டு நிமிஷத்துக்கும் மேல் ஓடும் பாடலில் டிரம்மர் எங்கே அடங்க வேண்டும் என்று தெரிந்து அடங்குகிறார். அந்த அடக்கத்தில் பாடகர் ஒரு கணம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பழசில் அவரைக் காத்திருக்கச் சொல்ல ஆளே இல்லை. இன்னொரு பாட்டின் முடிவில் வரும் பேச்சைக்கூட மாற்றிவிட்டார். ரசிகர்களில் பாதிப் பேர் பழசுதான் உசத்தி என்பார்கள். என் ஓட்டு புதுசுக்கு. பழையது நல்ல கடிதம். புதியது நல்ல இசை.

கோடம்பாக்கத்துக்கு வருகிறேன். இங்கே இந்தக் கதை தலைகீழாக நடந்தது. நெமசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவைத் தொடங்கிய ஒருத்தர், 1989-ல் இருபத்திரண்டு வயதில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு ரெக்கார்டிங் அறை கட்டினார். பஞ்சதன் ரெக்கார்ட் இன். விளம்பரப் பாட்டுகள் அங்கே பிறந்தன. 1992-ல் 'ரோஜா' அங்கே பிறந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். டொலீடோ அறையிலிருந்து குழுவுக்குப் போனார். ரஹ்மான் குழுவிலிருந்து அறைக்கு வந்தார்.

அதற்கு முன்பு பெரிய ஸ்டூடியோ ஹால்களில் வயலின், தபேலா, புல்லாங்குழல் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். ஒருத்தர் பிசகினால் எல்லோரும் மறுபடி. கஷ்டம்தான். ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். கொல்லைப்புற அறையில் கலைஞர்கள் தனித்தனியாக, பெரும்பாலும் ராத்திரியில் வந்து, மனசுக்குத் தோன்றியதை விதவிதமாக வாசித்துவிட்டுப் போனார்கள். அதில் பொறுக்கி, வெட்டி, ஒட்டிப் பாட்டானது. புல்லாங்குழல்காரரும் பேஸ் கிடார்காரரும் சந்திக்காமலே ஒரே பாட்டில் கைகுலுக்கினார்கள். இது நஷ்டமா? ரஹ்மான் விஷயத்தில் இல்லை. கீபோர்டு வாசிப்பவராகப் பல இசையமைப்பாளர்களிடம், பல ஹால்களில் உட்கார்ந்து கேட்ட காது அது. ஒரு முழுக் குழுவும் அந்தக் காதுக்குள் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அறையை மட்டும் காப்பியடித்தார்கள். காதைக் காப்பியடிக்க முடியவில்லை. இன்றைக்கு சாலிகிராமம், வளசரவாக்கம் வரை தெருவுக்கு ஒரு மெத்தை ஒட்டிய அறை இருக்கிறது. குழுக்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவருக்கு சினிமாவில் அன்றன்றைக்குக் காசு. குழுவில் சேர்ந்தால் ஒத்திகைக்கு டீ செலவு அவரவர் கையிலிருந்து. குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இதையும் மீறிச் சிலர் கிளம்பினார்கள். சொந்தமாக எழுதிப் பாடும் கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து 'குரங்கன்' நடத்தினார்கள். பேச்சுத் தமிழில், சினிமா சிச்சுவேஷன் எதுவும் இல்லாத பாட்டுகள். பிறகு டென்மாவும் இயக்குநர் பா.ரஞ்சித்தும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஆரம்பித்தார்கள். அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. (ரஹ்மானின் பிறந்த நாள். தற்செயல்தான்.) பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, டிரம்ஸ், கிடார். சில பாட்டுகளில் கோஷம் மெட்டை மிதித்துக்கொண்டு முன்னே போய்விடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல பாட்டுகளில், கானாவின் நடைக்கு கிடார் தன் நடையை மாற்றிக்கொள்வதைக் கேளுங்கள். எந்த சாஃப்ட்வேரும் அதைச் செய்யாது. இந்த ஊரில் ஒரே அறையில் சேர்ந்து உட்காரவே வாய்ப்பில்லாதவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்கிற சத்தம் அது. நேருக்கு நேர்.

கோடம்பாக்கத்து இளைஞரின் பாட்டுகளில் இடித்தது இதுதான். கிடாரும் குரலும் டிரம்ஸும் ஒரே மாதிரி யோசித்தன. யாரும் யாரையும் குறுக்கே பேசவில்லை. நாலு பாட்டிலும் அவரை ஆச்சரியப்படுத்தியது ஒன்றே ஒன்று. அந்த குக்கர் விசில்.

தம்பி, இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். மெத்தை இருக்கட்டும். ஃபேனைப் போட்டுவிட்டு, டிரம்ஸ் வாசிக்கிற நண்பன் ஒருத்தனைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டாவது பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, 'இந்த எடம் சரியில்லடா' என்று அவன் சொல்வான். கோபம் வரும். அடக்கிக்கொண்டு, 'எப்படி இருக்கணும்?' என்று கேளுங்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் குழுவுக்குப் பிறந்த நாள்.