பெயரில்லாத கொழுந்துக்காரர்கள்

தான் துவான் எங்கின் ‘தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்’ (2012) கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் நாவல். ஜப்பானிய முகாமில் அக்காவைப் பறிகொடுத்த யுன் லிங், அவள் நினைவாகத் தோட்டம் அமைக்க, ஜப்பானியப் பேரரசரின் முன்னாள் தோட்டக்கலைஞர் அரிதோமோவிடமே வேலை கற்கிறாள். வெறுப்பும் மரியாதையும் கலந்த அந்த உறவை எழுதியதில் நாவல் அசத்துகிறது.

எனக்கு இடிப்பது வேறு. கொழுந்து பறிக்கும் தமிழர்கள் இதில் வெறும் பின்னணி. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ரயில்பாதை வேலைக்குத் தலைமை தாங்கிய தளபதி இஷிதாவுக்கு 1946இல் சிங்கப்பூரில் கிடைத்தது 10 ஆண்டுச் சிறை. தளபதிக்குப் பெயர் இருக்கு, செத்தவங்களுக்கு? பெயரே இல்லாத சாவுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அவர்களுக்கு முகம் கொடுத்த நாவல். இரண்டையும் சேர்த்து வாசிங்க.