கனியை நினைத்தோம், சுமந்தவரை மறந்தோம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் இதழ்களில் ஒருவகைக் கட்டுரை தவறாமல் பூத்துவிடும். தலைப்புகள் மாறும், பொருள் ஒன்றே. இளமையில் கண்ட கோடை, தெருவில் கேட்ட கூவல், நாவில் இன்னும் நிற்கும் சுவை. மாம்பழத்தில் தொடங்கி, நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பலாச்சுளை, நாவல் என்று பட்டியல் நீளும். இறுதியில், "அந்நாள் இனி வருமா?" என்னும் பெருமூச்சு. இன்றைய பழங்கள் கல் வைத்துப் பழுக்கவைக்கப்பட்டவை என்னும் கண்டனமும் கட்டாயம் இடம்பெறும்.

இத்தகைய எழுத்தை நான் இகழவில்லை. நானும் எழுதியவன், மாணவர்களையும் எழுதச் சொல்லிவருபவன். ஆயினும் ஆண்டுதோறும் படித்துப் படித்து என் உள்ளத்தில் ஒரு குறை வளர்ந்துவந்துள்ளது. அதனைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டென்று கருதுகிறேன். ஏன் கடமை என்பது கட்டுரையின் முடிவில் விளங்கும்.

முதலில் சிறு குறை ஒன்று. கோடைப் பழங்களின் வரிசையில் பலர் இலந்தையையும் சேர்த்துவிடுகின்றனர். இலந்தை பனிக்காலத்துப் பழம். நாவலோ கோடை தணிந்து, ஆனியும் ஆடியும் வரும்போது உதிர்வது. தம் தெருவை நினைத்து எழுதியவர் இவ்விரண்டையும் சித்திரை வெயிலில் வைக்கமாட்டார். பிறருடைய கட்டுரையை நினைத்து எழுதியவரே வைப்பார். நினைவு என்னும் பெயரில் நாம் ஒருவரையொருவர் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இஃதொரு சான்று.

பெருங்குறை வேறு. மத்ரஸாவில் ஹதீஸ் ஓதத் தொடங்கும் மாணவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவன இரண்டு சொற்கள்: ஒன்று மத்ன், மற்றொன்று இஸ்னாத். மத்ன் என்பது செய்தி. இஸ்னாத் என்பது அச்செய்தி யார் யார் வழியாக நம்மிடம் வந்தது என்னும் சங்கிலி. சங்கிலியில் உள்ளவர் இன்னார் என்று அறியப்படாவிடில் அவரை மஜ்ஹூல், அதாவது அறியப்படாதவர், என்பர். எவ்வளவு இனிய செய்தியாயினும், இடையில் ஒருவர் மஜ்ஹூல் என்றால் அறிஞர்கள் தயங்கி நிற்பர்.

நம் கோடை நினைவுகளில் மத்ன் இருக்கிறது, இஸ்னாத் இல்லை. சுவை இருக்கிறது; அச்சுவை எவர் தலைமேல் ஏறி, எவ்வளவு தொலைவு நடந்து நம் வாசலுக்கு வந்தது என்பது இல்லை. கூவிய குரல் இருக்கிறது, கூவியவர் இல்லை. "நுங்குக்காரர்", "மாம்பழக்காரி" என்னும் தொழிற்பெயரோடு அவருடைய வரலாறு முடிந்துவிடுகிறது.

நுங்கையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கத்தைச் சேர்ந்தது எங்கள் ஊர். சற்றுத் தென்மேற்கே போனால் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும். பெண் பனையில்தான் நுங்கு காய்க்கும். ஒருவர் உயிரைக் கையில் பிடித்து ஏறிக் குலையை வெட்டி இறக்க வேண்டும். மற்றொருவர் அரிவாளால் சீவிக் கண்களைப் பிதுங்காமல் தோண்டியெடுக்க வேண்டும். இன்னொருவர் அதனை ஓலைப்பெட்டியில் இட்டு, வெயில் ஏறுமுன் ஊருக்குள் கொண்டுவர வேண்டும். வெட்டாத காய் நாள் கடந்தால் முற்றிக் கல்லாகும். வெட்டியெடுத்த நுங்கு மாலைக்குள் புளிக்கத் தொடங்கும். ஆகவே விற்பவருக்குப் பகற்பொழுது ஒன்றே மூலதனம். நாம் "இனிய கூவல்" என்று எழுதுகிறோமே, அந்தக் கூவலில் இருந்தது இசையன்று, அவசரம். இதை எழுதாத கட்டுரை நுங்கைப் பற்றிய கட்டுரையாகுமா?

இந்தக் குறை இல்லாத எழுத்து எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

ஒன்று, ஆக்ராவின் உர்துக் கவிஞர் நஸீர் அக்பராபாதி. 1830இல் மறைந்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஆசிரியர். அரசவையை நாடாமல் கடைத்தெருவை நாடிய அவர், தர்பூசணியைப் பாடினார், எள்ளுருண்டையைப் பாடினார், புது மண்பானையைப் பாடினார். கோடையில் ஆக்ராவில் விற்கும் கக்ரி என்னும் மெலிந்து நீண்ட வெள்ளரிக்கு, லைலா–மஜ்னூன், ஷீரீன்–பர்ஹாத் காதலருக்கு உரிய உவமைகளையெல்லாம் வாரி வழங்கினார். அன்றைய புலவர் உலகம் முகம் சுளித்தது. அவருடையது கடைத்தெரு மக்களின் நாவில் புழங்கும் பாட்டு என்று நவாப் ஷெஃப்தா ஒதுக்கினார். 1880இல் வெளிவந்த முஹம்மது ஹுஸைன் ஆஸாதின் "ஆபே ஹயாத்" என்னும் புகழ்பெற்ற கவிஞர் வரலாற்றிலும் அவருக்கெனத் தனியிடம் தரப்படவில்லை.

1954இல் ஹபீப் தன்வீர், தில்லி ஜாமிஆ மில்லியா மாணவரையும் ஓக்லா கிராமத்தாரையும் கொண்டு "ஆக்ரா பஜார்" என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அதில் சரக்கு விலைபோகாத வெள்ளரி வியாபாரி ஒருவர், தம் வெள்ளரியைப் பற்றி ஒரு பாட்டு எழுதித் தருமாறு புலவர்களைக் கெஞ்சுகிறார். எவரும் செவிசாய்க்கவில்லை. நஸீர் எழுதித் தருகிறார். வெள்ளரி விற்றுத் தீர்கிறது. நஸீர் மேடையில் ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. அவர் பாட்டு வியாபாரிகளின் வாயில் மட்டும் ஒலிக்கிறது. திறனாய்வுக் கட்டுரைகள் பல சேர்ந்து சொல்ல முடியாததை இந்த ஓர் அமைப்பு சொல்லிவிடுகிறது. நஸீர் கனியின் சுவையைப் பாடியபோதும் அப்பாட்டு விற்பவருக்குப் பயன்பட்டது. நம் கட்டுரைகள் எவருக்குப் பயன்படுகின்றன?

மற்றொன்று, தாகூர் 1892இல் எழுதிய "காபூலிவாலா". உலர்கனி விற்க ஆண்டுதோறும் கல்கத்தா வரும் ரஹ்மத்துக்கும், மினி என்னும் சிறுமிக்கும் ஏற்பட்ட நட்பைப் பலரும் அறிவர். கதையை மென்மையான பாசக் கதையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள், அதன் நடுவில் ஒரு கடன் இருப்பதை மறந்துவிடுகின்றனர். சால்வை வாங்கியவன், வாங்கவேயில்லை என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்யே ரஹ்மத்தின் கையில் கத்தியை எடுக்கவைத்துச் சிறைக்கு அனுப்புகிறது. குத்தியதை நியாயம் என்று தாகூர் சொல்லவில்லை. ஆனால், தெரு வியாபாரியின் வாழ்வு வாங்கியவருடைய நாணயத்தில் தொங்குகிறது என்பதை அவர் மறைக்கவுமில்லை. பல ஆண்டுகள் கழித்து, மினியின் திருமண நாளில், ரஹ்மத் தன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுக்கிறான். அதில் அவனுடைய சின்னஞ்சிறு மகளின் கைத்தடம். அந்நொடியில் வியாபாரி மறைந்து ஒரு தகப்பன் எழுந்து நிற்கிறான். அதுவரை அவனைப் பழம் விற்பவனாகவே கண்ட கதைசொல்லியும் அப்போதுதான் விழிக்கிறார். விளக்கு அலங்காரத்தையும் வாத்தியத்தையும் குறைத்துக்கொண்டு, ஊர் திரும்ப அவனுக்குப் பணம் தருகிறார்.

"சிறுவயது நினைவை எழுதும்போது சிறுவனின் கண்ணால்தானே எழுத வேண்டும்? வியாபாரியின் துன்பம் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. ஆனால் எழுதும் கை சிறுவனுடையதன்று, நரை கண்டவருடையது. அன்று தெரியாதது இன்று தெரிந்த பின்னும் தெரியாததுபோல் எழுதுவது எளிமையாகாது. மேலும், சிறுவர்க்குத் தெரியாது என்பதும் உண்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கோடையைப் பற்றி எழுதச் சொன்னேன். எல்லாரும் தின்றதை எழுதினர். ஒரு மாணவன் மட்டும், நள்ளிரவில் தன் வாப்பாவோடு லாரியிலிருந்து தர்பூசணி இறக்கியதையும், இறக்கும்போது உடைந்த காய்களே தங்கள் வீட்டுப் பங்கு என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தான். வகுப்பில் வாசிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதைவிடச் சிறந்த கோடைக் கட்டுரையை நான் எந்த இதழிலும் கண்டதில்லை.

நம் மார்க்க நூல்கள் இவ்விஷயத்தில் எவ்வளவு கூர்மையாயிருக்கின்றன என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பருவத்தின் முதற்கனியை மக்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவர். அவர்கள் அதன் பரக்கத்துக்காக துஆச் செய்து, அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அதனைக் கொடுப்பார்கள் என்று ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். கனிக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது. ஆனால் அதே ஹதீஸ் நூல்களில், கனி பக்குவம் அடையுமுன் மரத்தில் வைத்து விற்பதற்குத் தடையும் வந்திருக்கிறது. அந்தக் கனி அழிந்துபோனால், எதற்கு ஈடாக உன் சகோதரனின் பொருளை எடுப்பாய் என்பதே அதன் கருத்து. சுவையும் நீதியும் அங்கே அருகருகே இருக்கின்றன. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இனி, என் கடமைக்கு வருகிறேன்.

1980ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடை. எங்கள் வீட்டுப் பின்முடுக்கு வழியாக ஓர் ஆச்சி நுங்கு கொண்டுவருவார். உம்மா கதவுக்குள் நிற்பார். கிண்ணமும் காசும் கொண்டுபோவது நான். காசில்லாத நாளில் ஆச்சி சுவரில் ஒரு கரிக்கோடு இழுப்பார். கோடு ஒன்றுக்குக் கால் ரூபாய். பருவம் முடியும் தறுவாயில் பன்னிரண்டு கோடுகள். உம்மா மூன்று ரூபாயை என் கையில் தந்தார். நான் அதைக் கொடுக்கவில்லை. குச்சி ஐஸிலும் கோலியிலும் செலவழித்துவிட்டு, ஈரத்துணியால் கோடுகளைத் துடைத்தேன். ஆச்சி வந்து கேட்டபோது, "பிள்ளையிடம் கொடுத்தேனே" என்றார் உம்மா. ஆச்சி சுவரைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார். "பிள்ளை தந்திருக்கும் தாயீ, எனக்குத்தான் மறதி" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அடுத்த கோடையில் அவர் வரவில்லை.

பத்ஹுல் முஈனில் கொடுக்கல் வாங்கல் பாடம் ஓதிய நாளில் அந்தச் சுவர் என் கண்முன் வந்தது. அடியார்களுக்குச் செலுத்த வேண்டியதை அடியார்களிடமே தீர்க்க வேண்டும் என்றார் எங்கள் உஸ்தாத். தேடிப் போனேன். யாரென்று சொல்லிக் கேட்பது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பத்தாண்டு எங்கள் வீட்டுக்கு நுங்கு தந்தவர் எங்கள் வீட்டில் மஜ்ஹூல். உரியவரைக் காண இயலாவிடில் அவர் சார்பில் தர்மம் செய்யலாம் என்ற சட்டப்படி செய்தேன். பின்னர், ஒரு பள்ளி ஆண்டு மலருக்கு நுங்கைப் பற்றி இனிமையாக ஒரு கட்டுரையும் எழுதினேன். அதில் பனை இருந்தது, முடுக்கு இருந்தது, ஆச்சியின் குரலும் இருந்தது. கரிக்கோடு மட்டும் இல்லை. பலர் பாராட்டினர். நான் இங்குக் குறைகூறும் கட்டுரைகளில் முதலாவது அதுவே.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டுமென்று விதிக்கிறது. அரசின் ஏடே அவர்கள் பெயரைக் கேட்கிறபோது, இலக்கியம் கேட்காமலிருக்கலாமா? எழுதும் அன்பர்கள் சுவையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சுவையோடு விலையையும், விலையோடு கடனையும், கடனோடு ஆளையும் எழுதுங்கள் என்கிறேன். இந்தக் கோடையில் உங்கள் வாசலில் பெட்டியை இறக்கி வைப்பவரிடம், விலையைக் கேட்குமுன் பெயரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்கட்டும். நாற்பது ஆண்டு கழித்து அவர்கள் எழுதும் கட்டுரையிலாவது இஸ்னாத் இருக்கும்.