பண்ணையாரின் உடலும் பண்ணையின் வேரும்

படிப்பகத்தில் 'குருதிப்புனல்' பற்றிப் பேசி முடித்த வேளை. இளந்தோழர் ஒருவர் எழுந்தார். "கண்ணையா நாயுடுவுக்கு ஆண்மைக் குறை இல்லாதிருந்தால் குடிசை எரிந்திருக்காதா, ஐயா?" என்றார். சிலர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு வரவில்லை. நாவலின் நடுநரம்பை அல்லவா அவர் தொட்டுவிட்டார்!

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சை வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் கருகினர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. செய்த குற்றம்? கூலி நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டனர், சங்கமாய் நின்றனர். அந்தக் கொடுமையை 1975இல் நாவலாக்கினார் இந்திரா பார்த்தசாரதி. 1977இல் சாகித்திய அகாதமியும் பரிசளித்தது. பலரும் பேசத் தயங்கியதை எழுத்தில் வடித்த துணிவை வாழ்த்துகிறோம்.

ஆனால் கொடுமைக்கு வேர் தேடிய ஆசிரியர் வயலுக்குள் இறங்கவில்லை. பண்ணையாரின் உடலுக்குள் இறங்கிவிட்டார். குறையுள்ள ஒருவனின் வெறிதான் காரணமென்றால் மருத்துவரை அழைத்தால் போதுமே! சேற்றில் இறங்கும் கால் ஒருவனுக்கு, விளைச்சல் முழுதும் வேறொருவனுக்கு என்ற நிலைக்கு எந்த மருத்துவர் மருந்து தருவார்? உடற்குறை ஏதுமில்லா மிராசுதாரர்கள் கூலியை வாரி வழங்கினார்களா?

1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970இல் அது 15 ஆனது. சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு. எஞ்சியதைப் பினாமிகள் காத்தனர். பட்டாவில் பெயர் மாறிற்று. நிலம் கை மாறவில்லை. வெண்மணித் தீயின் விறகு இங்கேதான் அடுக்கப்பட்டிருந்தது. நாவலிலோ கதையை நடத்திச் செல்வது இந்தக் கணக்கு அன்று.

நிலத்தைப் பகிர்ந்தால் விளைச்சல் படுத்துவிடும் என்பார் உளர். 1953இல் உழுபவருக்கே நிலம் வழங்கிய தைவானில் நெல் விளைச்சல் உயர்ந்ததே! அதைவிடப் பெரிது வேறொன்று. ஓர் ஏக்கர் உடையவன்தான், "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று நிமிர்ந்து சொல்ல முடியும். மறுநாள் அடுப்பு அணையாது.

இளந்தோழருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: அதே கீழத்தஞ்சையில் 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கினார். நிலக்கிழார்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு ஏக்கர் ஏக்கராக, பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார். பண்ணையாரின் உடலை அங்கு எவரும் ஆராயவில்லை. பத்திரத்தில் பெயரை மாற்றினர்.